48 மணி நேரமும் 10 நாட்களும்: விபத்து சிகிச்சைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், விபத்து மற்றும் அவசர சிகிச்சை மையங்களின் பொறுப்பாளர்களுக்கும், காப்பீட்டுத் தொகுப்புகளை வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்து வருபவருக்கு நெஞ்சிலோ வயிற்றிலோ தலையிலோ பலத்த அடியும் இருந்தால், அந்தக் காலுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெரிய அறுவை செய்கிறோம் என்பது அவர் உயிரோடு சம்பந்தப்பட்ட முடிவு. எக்ஸ்ரே படம் மட்டும் பார்த்து அந்த முடிவை எடுக்க முடியாது. ரத்த லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்), உடல் வெப்பம், நுரையீரல் வாங்கும் ஆக்சிஜன், ரத்தம் உறையும் திறன் ஆகிய நான்கையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த எண்கள் சரியில்லாதபோது முதல் நாள் வெளிக்கம்பி (தோலுக்கு வெளியே நின்று எலும்பைப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) மட்டும் போட்டு நிறுத்திவிட்டு, உடல் தேறிய பிறகு எலும்பின் நடுக்குழாய்க்குள் நெயில் என்ற உலோகத் தண்டை வைப்பதுதான் பாதுகாப்பு. இந்த இரண்டு கட்ட சிகிச்சையை ஒரே சிகிச்சையாகக் கணக்கிட்டுப் பணம் ஒதுக்குங்கள். அதற்கு வேண்டிய சில எளிய கருவிகளை நெடுஞ்சாலையோர மையம் ஒவ்வொன்றிலும் தயாராக வையுங்கள். எலும்பு அறுவை, மயக்கவியல், தீவிர சிகிச்சை, அவசரப் பிரிவுச் செவிலியம் ஆகிய பணிகளில் இருக்கும் நாங்கள் கேட்பது இவ்விரண்டையும்தான். ஏன் கேட்கிறோம் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறோம்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். ஒரு தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமலேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை தொடைத் தசைக்குள் தேங்கிவிடும். கீழ்க்கால் எலும்பு முறிந்தால் சுமார் அரை லிட்டர். இரு தொடைகளும் முறிந்தவர், தரையில் ஒரு சொட்டு சிந்தாமல், தன் ரத்தத்தில் பாதிக்கு மேல் இழந்திருக்கக்கூடும். இளவயதினருக்கு 30 சதவீதம் போகும் வரைகூட ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்பதுண்டு. நாடித்துடிப்பு ஏறியிருப்பதையும் கைகால் சில்லிட்டிருப்பதையும் வலியின் மேல் சுமத்திவிட்டு, அழுத்தம் 110 இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளும் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது.

காயத்தின் தீவிரத்தை மதிப்பிடும் ஐஎஸ்எஸ் மதிப்பெண்ணும் இங்கே காலை வாரிவிடும். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, அதிகம் அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவது அதன் முறை. தொடை எலும்பு முறிவுக்கு 3, வர்க்கம் 9. இரண்டு தொடைகளும் முறிந்தாலும் அவை ஒரே பகுதியில் வருவதால் அதே 9தான். 16 தொட்டால்தான் கடுமையான பல்காயம் (உடலின் பல பகுதிகளில் காயம்) என்று படிவத்தை நிரப்புபவர் இவரைச் சாதாரண வரிசையில் சேர்த்துவிடுவார். இரு தொடை முறிவு என்றாலே, மதிப்பெண் என்னவாக இருந்தாலும், மூத்த மருத்துவர் உடனே வர வேண்டும் என்று உங்கள் அழைப்பு விதியில் எழுதிவிடுங்கள்.

வந்து சேர்ந்த முதல் அரைமணியில் காலுக்குச் செய்ய வேண்டியவை குறைவு, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. மூச்சும் ரத்தக்கசிவும் கவனிக்கப்படும்போதே ஒருவர் காலைப் பிடித்து நேராக்கித் தாமஸ் ஸ்பிளிண்ட் மாட்ட வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் பரவலாக்கிய இந்த வளையமும் இரு கம்பிகளும் இன்றும் தேவைதான். கோணிப்போன தொடைக்குள் ரத்தம் தேங்க இடம் அதிகம். காலை இழுத்து நேராக்கினால் அந்த இடம் சுருங்கும், கசிவு குறையும், வலி குறையும், எலும்பு முனைகள் தசையைக் குத்துவதும் நிற்கும். வளையத்தின் அளவுக்கு அடிபடாத தொடையின் சுற்றளவை இடுப்பு மடிப்பருகே அளந்து 5 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். அடிபட்ட தொடையை அளந்து எடுத்தால் அடுத்த சில மணியில் வீக்கம் ஏறி வளையம் தோலை அறுக்கும். தோலில் ஒட்டிய பட்டையால் காலை இழுக்கும் தோல்வழி இழுவைக்கு 5 கிலோவுக்கு மேல் கட்டக் கூடாது. மாட்டுவதற்கு முன்பும் பின்பும் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்து, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். நாடி சந்தேகமாக இருந்தால் கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள், 0.9க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாய் படம் எடுத்தாக வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் குழாய் அறுந்திருந்தால் தசைக்கு இருக்கும் அவகாசம் சுமார் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி விபத்து நடந்த நொடியிலிருந்து ஓடுகிறது. ஆம்புலன்ஸில் வந்த நேரமும் அதில் அடக்கம்.

ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு 1 கிராம் 8 மணி நேரத்தில். விபத்து நடந்த 3 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். தாமதித்துக் கொடுப்பது தீங்காகவும் முடியலாம் என்பதை, இந்த மருந்தைச் சோதித்து 2010இல் வெளியான க்ராஷ்-2 ஆய்வின் தரவுகளை அலசி 2011இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. உப்புநீர் பாட்டில்களை அடுக்கடுக்காக ஏற்றுவது ரத்தத்தை நீர்க்கவைத்து, குளிர வைத்து, உறையும் திறனைக் கெடுக்கும். கடுமையாக ரத்தம் போனவருக்குச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றும் ஏறத்தாழ சம விகிதத்தில் வேண்டும். ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கால்சியமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இனி மையமான கேள்விக்கு வருகிறோம்: நெயில் எப்போது வைப்பது?

எலும்பு அறுவையில் இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. நோயாளி தாங்கமாட்டார் என்று வாரக்கணக்கில் எடை கட்டிப் படுக்க வைப்பது பழைய வழக்கம். மல்லாந்தே கிடப்பவரின் நுரையீரல் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், படுக்கைப் புண் வரும், கால் சிரைகளில் ரத்தம் உறையும். அமெரிக்காவின் டல்லாஸில் 178 பேரிடம் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வு, 24 மணி நேரத்துக்குள் தொடை எலும்பை நிலைநிறுத்தினால், அதுவும் பல்காயம் உள்ளவர்களிடம், நுரையீரல் சிக்கல்கள் குறைவதைக் காட்டியது. அதன்பின் எல்லோருக்கும் உடனே நெயில் என்ற வேகம் வந்தது. 1990களில் ஜெர்மனியின் ஹனோவர் குழு எச்சரித்தது: நெஞ்சில் பலத்த அடியுள்ளவருக்கு முதல் நாளே நெயில் வைத்தால் சிலருக்கு நுரையீரல் முற்றாகச் செயலிழக்கிறது. 2000இல் பால்டிமோர் விபத்து மையம், நிலை மோசமானவர்களுக்கு முதலில் வெளிக்கம்பி, பிறகு நெயில் என்ற பாதையைப் பதிவு செய்தது. அங்கே வெளிக்கம்பி போடச் சுமார் 35 நிமிடமும் 90 மில்லி ரத்தமும் செலவாயின. நெயிலுக்கு 135 நிமிடமும் 400 மில்லியும். ஏற்கெனவே இரண்டு லிட்டர் இழந்தவருக்கு அந்த 300 மில்லி வித்தியாசமும் கூடுதலாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மேசையில் திறந்த உடம்போடு குளிர்ந்து கிடப்பதும் எவ்வளவு பெரிய சுமை என்பதை மயக்க மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

நெயில் ஏன் நுரையீரலைப் பாதிக்கிறது? தொடை எலும்பின் நடுக்குழாயில் கொழுப்பும் மஜ்ஜையும் நிறைந்திருக்கின்றன. நெயிலுக்கு இடம் செய்ய அந்தக் குழாயைக் குடையும் ரீமர் உள்ளே இறங்கும்போது குழாயின் அழுத்தம் எகிறி, அந்தக் கொழுப்பு சிரைகள் வழியே நேராக நுரையீரலுக்குப் போகிறது. நல்ல நுரையீரல் அதைத் தாங்கிக்கொள்ளும். அடிபட்டு ரத்தம் கட்டிய நுரையீரலுக்கு அது இரண்டாவது அடி. விபத்தின் அழற்சியும் அறுவையின் அழற்சியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும்போது, அதுவரை நன்றாக இருந்தவர் மறுநாள் வென்டிலேட்டரில் அதிக ஆக்சிஜன் கேட்கத் தொடங்குவார். தலைக்காயம் உள்ளவருக்கு ஆபத்து வேறு விதமானது. கடுமையான தலைக்காயத்தில் சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) ஒருமுறை 90க்குக் கீழே போனாலும் இறப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது 1993 முதல் தெரிந்த செய்தி. காலுக்காகச் செய்யும் நீண்ட அறுவையில் அழுத்தம் இறங்கிவிட்டால், பிழைத்த காலோடு மூளை போன ஒருவரை வீட்டுக்கு அனுப்பியவர்களாவோம்.

ஆகவே எல்லோருக்கும் வெளிக்கம்பி என்றும் சொல்லமாட்டோம். அதுவும் தவறுதான். நன்றாகத் தேறியவருக்கு அவசியமில்லாமல் வெளிக்கம்பி போட்டால் இரண்டாவது மயக்கமும் கூடுதல் நாட்களும் கம்பி நுழைந்த இடத்தில் கிருமித்தொற்று அபாயமும்தான் மிச்சம். பெரும்பாலானவர்களை முறையாக ரத்தம் ஏற்றித் தேற்றினால் 36 மணி நேரத்துக்குள் நெயில் வைத்துவிடலாம். அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் குழு முன்வைத்த எல்லைகள் நடைமுறைக்கு எளியவை: லாக்டேட் 4க்குக் கீழ், பிஹெச் (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.25 அல்லது அதற்கு மேல், பேஸ் எக்ஸஸ் (ரத்தத்தின் காரக் குறைவைக் காட்டும் எண்) மைனஸ் 5.5ஐ விட மோசமாகாமல் இருப்பது. இவற்றோடு உடல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) 1.5க்குக் கீழ், சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல், ரத்த ஆக்சிஜனைச் சுவாச ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்த எண் 300க்கு மேல் என்று நாங்கள் சேர்த்துப் பார்க்கிறோம். 200க்கும் 300க்கும் நடுவே அந்த எண் நின்றால், இரு நுரையீரலிலும் ரத்தக்கட்டு தெரிந்தால், லாக்டேட் இறங்காமல் நின்றால், வெளிக்கம்பிதான்.

ஒரே ஒரு லாக்டேட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். வந்ததும் 5, நான்கு மணி கழித்து 3.2, எட்டு மணியில் 2.1 என்று இறங்கினால் உடல் தேறுகிறது என்று பொருள். 3.0, 3.1, 3.4 என்று ஏறினால், ஒவ்வொரு எண்ணும் 4க்குக் கீழே இருந்தாலும், எங்கோ ரத்தம் கசிகிறது. வயிற்றையும் இடுப்பையும் மறுபடி பாருங்கள். இதற்கு, லாக்டேட்டையும் ரத்த ஆக்சிஜனையும் அளக்கும் ரத்த வாயு இயந்திரம் அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும். மூன்று மாடி ஏறி ஆய்வகத்துக்குப் போய் ஒன்றரை மணி கழித்து வரும் லாக்டேட், போன நேரத்து உடம்பைத்தான் சொல்லும். பல இடங்களில் இயந்திரம் இருந்தும் அதில் போடும் சோதனைக் கார்ட்ரிட்ஜ் தீர்ந்து கிடக்கிறது. கொள்முதல் பட்டியலில் இயந்திரத்தோடு ஓராண்டுக்கான கார்ட்ரிட்ஜையும் சேருங்கள்.

வெளிக்கம்பி போடுவது எளிய அறுவை என்று எண்ணி அதைக் கவனமில்லாமல் செய்வதால் வரும் தொல்லைகள் பல. ஒரு தொடைக்கு எலும்பில் திருகும் 5 மி.மீ. ஷான்ஸ் பின் நான்கு, வெளியே நிற்கும் ராடு மூன்று, பின்னையும் ராடையும் பிடிக்கும் க்ளாம்ப் நான்கு, ராடையும் ராடையும் பிடிக்கும் க்ளாம்ப் இரண்டு தேவை. முறிவுக்கு மேலே இரண்டு பின்களும் ஒரு ராடும், கீழே இரண்டு பின்களும் ஒரு ராடும். மூன்றாவது ராடு இரண்டையும் இணைக்கும். இந்த அமைப்பில் முதலில் பின்களை வசதியான இடத்தில் போட்டுக்கொண்டு, பிறகு காலை இழுத்து நேராக்கி, கடைசியில் இறுக்கலாம். ஒரே நீண்ட ராடில் நான்கு பின்களையும் கோத்தால், முதல் பின் போட்டதும் மற்றவற்றின் கோணம் முடிவாகிவிடும். பிறகு காலை நேராக்க இடமிருக்காது.

பின்களைத் தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து அல்லது சற்று முன்பக்கம் சாய்ந்து போட வேண்டும். உட்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. உறை வைத்து 3.5 மி.மீ. துரப்பணத்தால், உப்புநீர் ஊற்றியபடி மெதுவாகத் துளைத்து, இரு சுவர்களையும் கடந்த பிறகு பின்னைக் கையால் திருகுங்கள். அதிவேகத் துரப்பணத்தில் எலும்பு வெந்துபோனால் பத்து நாளில் பின் ஆடும், பின்னைச் சுற்றிய எலும்பு வளையம் சீழ் பிடிக்கும், பிறகு நெயில் வைக்கவே தயங்க வேண்டியிருக்கும். முழங்கால் மூட்டின் உறை மூட்டுக் கோட்டுக்கு மேலே பல செ.மீ. வரை ஏறியிருக்கும். எனவே கீழ்ப் பின்னை மூட்டிலிருந்து 8 முதல் 10 செ.மீ. மேலே வையுங்கள். அதைவிடக் கீழே போட்டால் பின்னின் வழியே மூட்டுக்குள் கிருமி போகும். முறிவு அவ்வளவு கீழே இருந்தால் முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பின் முன்உட்பக்கத்தில் பின் போட்டு மூட்டையும் சேர்த்து நிறுத்துங்கள். பின்னைச் சுற்றித் தோல் இழுபட்டு நின்றால் அந்தப் பக்கம் சற்று கீறி விடுங்கள். இழுபட்ட தோல்தான் முதலில் அழுகும்.

எலும்பு முனைகள் அழகாகப் பொருந்தியிருக்க வேண்டும் என்று நேரம் செலவழிக்காதீர்கள். நீளமும் சுழற்சியும் சரியாக இருந்தால் போதும். நீளத்தை விட்டுவிட்டால் பத்தாம் நாள் தசை சுருங்கி, நெயில் வைக்கும்போது காலை இழுத்து நீட்டுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். மேசையை விட்டு இறக்குவதற்கு முன் எல்லா க்ளாம்ப்களையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். இறுதியில், நோயாளியை 30 டிகிரி சாய்த்து உட்கார வைக்க முடிகிறதா, புரட்ட முடிகிறதா என்று பாருங்கள். அதற்காகத்தானே கம்பி போட்டோம்.

ஒரு கம்பெனியின் க்ளாம்ப் இன்னொரு கம்பெனியின் ராடில் பல நேரம் பொருந்தாது. தனித்தனியாக வாங்கிச் சேர்த்த பெட்டிகளில் நள்ளிரவில் இதுதான் தெரியவரும். மையத்துக்கு ஒரே வகை. கிருமிநீக்கி மூடிய பெட்டிகளில், குறைந்தது இரண்டு பெரிய எலும்புகளுக்கு: பின் 8, ராடு 6, க்ளாம்ப் 8, இணைப்பு க்ளாம்ப் 4, ஒவ்வொன்றிலும் உபரியாக இரண்டு, பொருந்தும் ஸ்பேனர், கைப்பிடித் துரப்பணம். ராடையும் க்ளாம்பையும் தேய்மானம் பார்த்து மறுபடி பயன்படுத்தலாம். பின்னை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது.

முதல் நாளே நெயில் வைக்கத் தகுந்தவருக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. முனை மழுங்கிய ரீமர்கள் எலும்புக்குள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றும். கூர்மையான ரீமரை அரை மி.மீ. படிகளில், மெதுவாக, அடிக்கடி வெளியே எடுத்துச் சுத்தம் செய்து இறக்க வேண்டும். தேய்ந்த ரீமரை மாற்றக் கேட்டால் ‘இன்னும் ஓடுதே’ என்று கோப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். பல்காயத்தில் முழங்கால் வழியே மேல்நோக்கி வைக்கும் நெயில் வசதியானது: நோயாளியை மல்லாக்க வைத்தபடியே இரு கால்களையும் செய்யலாம், இழுவை மேசைக்கு மாற்ற வேண்டியதில்லை, வயிற்று அறுவைக் குழுவும் பக்கத்தில் நிற்கலாம். அறுவை தொடங்கும் முன்பே நிறுத்தும் எல்லையை அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து பலகையில் எழுதிவிட வேண்டும்: அழுத்தம் 90க்குக் கீழ், வெப்பம் 35க்குக் கீழ், ஆக்சிஜன் தேவை திடீரென ஏறுதல், லாக்டேட் ஏறுதல். இரு தொடை முறிவில் முதல் காலை முடித்ததும் ரத்த வாயு எடுத்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவது. எண் கெட்டிருந்தால் இரண்டாவது காலுக்கு வெளிக்கம்பி போதும். நிறுத்தலாமா என்று கேட்கும் மயக்க மருத்துவரின் சொல்லுக்கு அங்கே தடுப்பதிகாரம் இருக்க வேண்டும்.

தொடையின் நடுவே முறிந்தவர்களில் 100க்கு 2 முதல் 9 பேருக்கு அதே பக்க இடுப்பு மூட்டருகே தொடை எலும்பின் கழுத்துப் பகுதியும் முறிந்திருக்கும். பெரும்பாலும் விலகாமல் இருப்பதால் படத்தில் தெரியாது. நெயிலை அடித்து இறக்கும்போது விலகும். வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனிலேயே இடுப்பு மூட்டை மெல்லிய துண்டுகளாகப் பார்த்துச் சொல்லும்படி கதிரியக்க மருத்துவரைக் கேளுங்கள். கூடுதல் செலவு ஏதுமில்லை.

வெளிக்கம்பி போட்டவருக்கு நெயில் எப்போது? இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை உடலின் அழற்சி உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் பெரிய அறுவை வேண்டாம். புண்ணை மறுபடி சுத்தம் செய்வது போன்ற சிறியவை மட்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நல்ல நேரம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் பின் துளைகளில் குடியேறிய கிருமி நெயிலோடு எலும்புக்குள் போகும் ஆபத்து ஏறுகிறது. பின் துளை சுத்தமாக இருந்தால் ஒரே அமர்வில் கம்பியை எடுத்து நெயில் வைக்கலாம். சீழ் இருந்தால் கம்பியை எடுத்துவிட்டு, இழுவையில் வைத்து, புண் ஆறிய பிறகுதான்.

இந்த நாட்காட்டியை உங்கள் திட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லா சிகிச்சை தருகிறது. வாசலில் பணம் கேட்காமல் உள்ளே எடுக்கிறார்கள் என்பது பெரிய மாற்றம். அதற்காக மனமார நன்றி சொல்கிறோம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டம் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் வெளிக்கம்பிக்குப் பின் வரும் நெயில் 48 மணி நேரத்துக்குள் வரக் கூடாத அறுவை. ஏழாம் நாளையும் அது தாண்டலாம். 48 மணி முடிந்ததும் முதலமைச்சர் காப்பீடு, அரசு மருத்துவமனைக்கு மாற்றம், சொந்தச் செலவு என்று குடும்பத்தின் முன் மூன்று வழிகள் பிரிகின்றன. அடையாள அட்டையும் வருமானச் சான்றும் தேடி அலையும் அந்த நாட்கள்தான் ஐந்திலிருந்து பத்துக்குள் இருக்கும் நாட்கள். அலைச்சலில் பதினைந்தாம் நாள் வந்துவிட்டால் மருத்துவ ரீதியாகவே வாசல் பாதி மூடிவிடுகிறது. இன்னொரு பக்கம், பணம் கிடைக்கும் நேரத்துக்குள் முழு அறுவையையும் முடித்துவிட வேண்டும் என்ற அழுத்தம் உருவாகவும் இந்த அமைப்பில் இடமிருக்கிறது. எந்த மருத்துவரையும் அந்த இக்கட்டில் நிறுத்தாதீர்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான். பல்காயத்தோடு தொடை அல்லது கீழ்க்கால் எலும்பு முறிந்து, முதல் 48 மணியில் வெளிக்கம்பி போடப்பட்டவருக்கு, 14ஆம் நாளுக்குள் செய்யும் நெயில் அல்லது பிளேட் (எலும்பின் மேல் திருகும் தகடு) அறுவையை முதல் அறுவையின் தொடர்ச்சியாகவே கருதி, புதிய முன்அனுமதி கேட்காமல் பணம் வழங்குங்கள். தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு முதல் நாளின் லாக்டேட், ரத்த வாயு, வெப்பம் ஆகியவற்றின் அச்சிட்ட தாளைக் கோப்போடு கேளுங்கள். வெளிக்கம்பி தேவைப்பட்டதா என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அறுவை ஒரு மருத்துவமனையிலும் அடுத்தது இன்னொன்றிலும் நடந்தாலும் இந்த விதி செல்ல வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது கம்பியைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் நிலை வராமல் ராடு, க்ளாம்ப் ஆகியவற்றின் விலையும் தொகுப்பில் சேரட்டும்.

தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த முறிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. வந்த ஒரு மணி நேரத்துக்குள் செஃபாஸோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம் சிரை வழியே போக வேண்டும். மண்ணும் சாணமும் கலந்த பெரிய புண் என்றால் கிராம்-நெகட்டிவ் என்ற இன்னொரு வகைக் கிருமிகளுக்கும் மருந்து தேவை. அதிர்ச்சி நிலையில் சிறுநீரகம் வாடியிருப்பவருக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசினைத் தவிர்த்து செஃப்ட்ரியாக்ஸோன் கொடுப்பது நல்லது. டெட்டனஸ் ஊசி மறக்கக் கூடாது. கழுவுவதற்குச் சாதாரண உப்புநீர், தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து தானாக இறங்கும் வேகத்தில், சிறு புண்ணுக்கு 3 லிட்டரும் பெரிய புண்ணுக்கு 9 லிட்டரும். சோப்புக் கரைசலால் பயனில்லை என்பதையும் அழுத்தத்தைக் கூட்டுவதால் ஆதாயமில்லை என்பதையும் புண் கழுவும் முறைகளை ஒப்பிட்டு 2015இல் வந்த ஃப்ளோ ஆய்வு காட்டிவிட்டது. காலைக் காப்பாற்ற முடியுமா என்று மதிப்பிட, கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கி 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை நம் கையிலேயே இருக்கிறது. தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை. கூட இருக்கும் ஒவ்வொரு உடல்நலக் குறைக்கும் 2. மொத்தம் 14 வரை காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் என்றால் முயற்சி பெரும்பாலும் நோயாளியைத்தான் வதைக்கும். இடைப்பட்டவை அனுபவசாலிகள் கூடிப் பேச வேண்டியவை. பல்காயத்தில் இந்த எண் இன்னும் கனமாகிறது: ஆறு மணி நேரத் தமனித் தையலைத் தாங்க முடியாத உடம்பில், காலை விட்டு உயிரைப் பிடிக்க வேண்டிய முடிவும் வரும். அந்த முடிவை ஒரே மருத்துவர் தனியாகச் சுமக்கக் கூடாது. இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

தோல் மூடும் அறுவைக்கு பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் மூன்று நாட்களுக்குள் புண்ணைப் பார்த்தாக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அவர் இல்லையென்றால், புண்ணின் படத்தை முதல் நாளே அனுப்பி இடம் கேட்டு வைப்பது, ஏழாம் நாள் அழுகிய எலும்போடு அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

மயக்கத்திலோ வென்டிலேட்டரிலோ இருப்பவர் காலில் தசையறை அழுத்தம் (தசைகளைச் சுற்றிய மூடிய உறைக்குள் வீக்கத்தால் உண்டாகும் அழுத்தம்) ஏறினால் வலிக்கிறது என்று சொல்ல அவரால் இயலாது. நாடி கடைசி வரை துடிக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். கெண்டைக்கால் கல்லாய் இறுகினால், தமனி அழுத்தம் பார்க்கும் அதே டிரான்ஸ்டியூசரில் (அழுத்தம் அளக்கும் உணரியில்) 18 எண் ஊசியை மாட்டி, முறிவிடத்துக்கு 5 செ.மீ. அருகில் அளக்கலாம், தனிக் கருவி தேவையில்லை. டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) அறை அழுத்தத்துக்கும் இடைவெளி 30 மி.மீ.க்குக் குறைந்தால் நான்கு அறைகளையும் இரு கீறல்களால், ஒவ்வொன்றும் குறைந்தது 15 செ.மீ. நீளத்தில் திறக்க வேண்டும். அழுத்தம் இறங்கியவருக்கு இந்த இடைவெளி வெகு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால், முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை தொட்டுப் பார்த்து எழுதும் பொறுப்பு செவிலியர்களுக்கு. அதற்கேற்ற எண்ணிக்கையில் அவர்கள் இருக்க வேண்டும். நான்கு வென்டிலேட்டர் நோயாளிகளை ஒருவர் பார்க்கும் வார்டில் இந்த வரியை எழுதி ஒட்டுவதில் பயனில்லை.

கடைசியாக, ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது போகும் தாள். ‘பல்காயம், மேல்சிகிச்சைக்காக’ என்ற ஒற்றை வரியால் எங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. விபத்து நடந்த நேரம், டிரானெக்ஸாமிக் அமிலமும் ஆன்டிபயாடிக்கும் போட்ட நேரம், ரத்தத்தை நிறுத்த இறுக்குக்கட்டு போட்டிருந்தால் போட்ட நேரம், ஸ்பிளிண்டுக்கு முன்னும் பின்னும் பாத நாடி, ஏற்றிய ரத்தமும் திரவமும் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், லாக்டேட் அளவுகள் நேரத்தோடு, கடைசி வெப்பம், கட்டுப் பிரிக்காமல் பார்க்கும்படி புண்ணின் படம். இவை பத்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். 108 ஆம்புலன்ஸ் தொழில்நுட்பவியலாளர் கையில் அந்தப் பக்கம் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். படிவத்தின் மாதிரியையும், வெளிக்கம்பிப் பெட்டியின் உருப்படிப் பட்டியலையும் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். துறை அழைக்கும் நாளில் வந்து, மாவட்ட மருத்துவமனை அணிகளுக்குச் செயற்கை எலும்பில் பின் போடும் பயிற்சியும் அளிப்போம்.

இப்படிக்கு,
விபத்து அறுவை, மயக்கவியல், தீவிர சிகிச்சை, அவசரப் பிரிவுச் செவிலியப் பணியில் இருப்போர்